தாமதமாக ஊதிய சங்கு

அலபாத்தி எங்களைக் கூப்பிட்டு அனுப்பியது உண்மையைக் கண்டுபிடிக்க அல்ல. உண்மை என்னவென்று அவன் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டான். அதற்கு ஒரு சாட்சிதான் குறைந்தது. இப்படிப்பட்டவன் சொல்வதில் பாதியை அங்கேயே கழித்துவிடுவேன். மீதிப் பாதியை வெளியே போய் விசாரிப்பேன்.

சனிக்கிழமை காலையில் லாங்கியின் பிக்கப் வண்டியில் போய் இறங்கினோம். லாங்கி என் துப்பு விசாரிக்கிற வேலைக்குத் துணையாக வருகிறவள். ஐம்பது வயது, உடம்பில் என்னைப் போல இரண்டு பேர், வாயில் நாலு பேர். வண்டி அவளுடையது என்பதால் என்னைத் திட்டும் உரிமையும் அவளுடையது.

அலபாத்தி ஆக்லாந்தில் இருபது வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவன். பெரியப்பா செத்ததும் குலத் தலைவருக்கான மத்தாய் பட்டம் அவனுக்கு வந்தது. உயிரோடு இருக்கிற அப்பாவைத் தாண்டி மகனுக்கு வந்தது. பட்டம் வந்த கையோடு பெரிய சிமெண்ட் வீடு ஒன்றை எழுப்பிக்கொண்டிருந்தான். வாசலில் வெள்ளை மணல் குவிந்து கிடந்தது.

"நம்ம கடல்ல கறுப்பு மணல்தானே கிடக்கு? இது எந்தக் கடல்?" என்று லாங்கி குனிந்து ஒரு பிடி அள்ளினாள்.

தீவின் மறுகோடியிலிருந்து லாரியில் வருகிறதாம். எரிமலைக் கறுப்பு அவன் வீட்டுச் சுவருக்கு ஆகாதாம்.

உள்ளே கொக்கோ வந்தது. ஓரத்தில் ஒரு கிழவர் உட்கார்ந்து இரண்டு கையிலும் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தூணில் ஒரு பெரிய சங்கு தொங்கியது. அந்தக் கிழவர்தான் அலபாத்தியின் அப்பா கலேபோ. சாயங்காலப் பிரார்த்தனைக்கு ஊரில் சங்கு ஊதுகிறவர். எங்கள் பக்கத்தில் விருந்தாளி வந்தால் முதலில் அப்பாவைக் காட்டி, அவர் வரவேற்றுப் பேசிய பிறகுதான் மற்றவன் வாயைத் திறப்பான். அலபாத்தி காட்டவில்லை. "நீங்க வெளிய காத்தாட உக்காருங்கப்பா" என்றான். கிழவர் சங்கை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அந்த வீட்டில் ஒருவரும் தலை திருப்பவில்லை.

விஷயம் இதுதான். பெரியப்பாவின் மகள் புலுசிலா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் குலத்தின் பழைய நிலத்தில் தனியாக இருக்கிறாள். அந்த நிலம் யாருக்கு என்று நிலக் கோர்ட்டில் வழக்கு. வழக்கு முடிகிற வரை இரண்டு தரப்பும் அங்கே கட்டக்கூடாது, வெட்டக்கூடாது, பயிர் வைக்கக்கூடாது, புதைக்கக்கூடாது என்று உத்தரவு. எனக்கு நன்றாகத் தெரியும். அப்போது நான் கோர்ட்டுக் காகிதம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் இருந்தேன். அந்த உத்தரவை அவள் வாசல் சீமைப்பலா மரத்தில் ஆணி அடித்தவனே நான்தான்.

இப்போது வெள்ளிக்கிழமை விடியலில் அந்த நிலத்தில் புதிதாக ஒரு கல்லறை முளைத்திருக்கிறது. நிலக் கோர்ட்டில் கல்லறைதான் பத்திரம். யாருடைய செத்தவர்கள் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் பாதி வழக்கு தீரும். புலுசிலா பொய்க் கல்லறை கட்டிக் கோர்ட்டை அவமதித்துவிட்டாள் என்று அலபாத்தி அன்றைக்கே மனு கொடுத்துவிட்டான். திங்கட்கிழமை விசாரணை. நிரூபித்தால் அவளுக்கு ஜெயில். திரும்பி வருகிறபோது வீடு அவளுடையதாக இருக்காது.

"அறுபது வயசுப் பொம்பளை தனியா கல் தூக்கிக் கலவை போட்டிருக்க மாட்டா. கூட ஒருத்தன் இருந்திருக்கான். அவனைப் பிடிச்சுக் கொடுங்க," என்றான்.

"பொம்பளைன்னா, உங்க அக்காவையா சொல்றீங்க?" என்று லாங்கி கேட்டாள்.

நாங்கள் ரோட்டைத் தாண்டினோம்.

புலுசிலாவின் வீடு பழைய மாதிரி வீடு. சுவர் கிடையாது, தூண்களும் கூரையும்தான். உத்தரத்தில் படுக்கைப் பாய்கள் நிறையச் சுருட்டிக் கட்டியிருந்தன. கீழே விரித்திருந்தது ஒன்றே ஒன்று. ஆள் இல்லாத வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவள் முற்றத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

முற்றத்தில் இரண்டு கல்லறை. பெரியது அவள் மகன் சிமியுடையது. மீன் பிடிக்கப் போய் அலையில் போனவன், பாறைக்கு இப்பால் உடம்பு மட்டும் கிடைத்தது. பக்கத்தில் ஒட்டினாற்போல் சின்னது ஒன்று. ஒரு முழத்துக்கு மேல் இருக்காது. பெயர் இல்லை. கரண்டி வைத்துப் பூசிய பூச்சு அல்ல, உள்ளங்கையால் தடவியது. விரல் தடம் தெரிந்தது. மேலே செம்பருத்தி, அன்றைக்குப் பறித்தது.

லாங்கி குந்தி உட்கார்ந்து, பூச்சு விளிம்பில் உதிர்ந்திருந்ததை நகத்தால் சுரண்டினாள். என்னிடம் நீட்டினாள். வெள்ளை மணல்.

அந்த ஊரில் வெள்ளை மணல் இருப்பது ஒரே ஒரு வாசலில்.

புலுசிலாவிடம் நேராகவே கேட்டேன். அவள் கை மண்ணைத் துடைத்தாள்.

"நான் கட்டலைங்கய்யா. யார் கட்டினதுன்னு எங்கிட்ட கேக்காதீங்க."

திங்கட்கிழமை ஜெயிலுக்கு அனுப்புவார்கள் என்று சொன்னேன். அனுப்பட்டும் என்றாள். ஜெயிலிலும் களை பிடுங்கத்தான் விடுவார்களாம். பிறகு மகன் கல்லறையைப் பார்த்தாள்.

"நான் திரும்பி வர்றப்ப, இவன் பக்கத்துல உக்கார என்னை விடுவாங்களான்னுதான் தெரியலை. மத்தபடி எனக்குப் பயம் இல்லை."

எங்களுக்குச் சேப்பங்கிழங்கும் டப்பா மீனும் வைத்தாள். சாப்பிட ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இன்னும் இன்னும் என்று வைத்தாள். அந்தக் கல்லறையைப் பற்றி மட்டும் அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை.

வண்டியில் ஏறியதும் லாங்கி சொன்னாள்: "தெரியாதுன்னா தெரியாதும்பாங்க. கேக்காதேங்கறவங்களுக்கு எல்லாம் தெரியும் பெருசு."

அதுவும் எனக்குத் தோன்றியிருந்தது. ஆனால் என் புத்தி வேறு பக்கம் போய்விட்டது, அதை லாங்கியிடமும் சொன்னேன். அவளை மாட்டிவைக்க அலபாத்தியே கல்லறையைக் கட்டிவிட்டு, ஊருக்கு முன்னால் ஓடிப்போய் மனு கொடுத்திருக்கிறான். மணல் அவனுடையது. லாபம் அவனுடையது. சாட்சி தேடுகிற மாதிரி நடிக்க என்னைப் போல ஒரு கிழவன் வேண்டும், அவ்வளவுதான். கொக்கோவைக் குடிக்காமல் வந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

"உள்ளங்கையால பூசினான்னா சொல்றீங்க? அந்த ஆளா?" என்றாள் லாங்கி. "அவன் மோதிரத்தைக் கழட்டறதுக்குள்ள சிமெண்ட் காஞ்சிடும்."

கட்டினது யார் என்பதை விட்டுவிட்டு, எப்போது என்று பார்ப்போம் என்றேன். ஊர்க் கடைக்குப் போனோம். கடைக்காரி மெலேயும் லாங்கியும் பத்து நிமிஷத்தில் கூடப் பிறந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். நான் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து காதை மட்டும் திறந்து வைத்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் பையன்கள் புலுசிலா முற்றத்தை ஒட்டிக் கிரிக்கெட் ஆடியிருக்கிறார்கள். பந்து சிமியின் கல்லறைப் பக்கம் பல தடவை போயிருக்கிறது. அப்போது சின்னக் கல்லறை இல்லை. சங்கு ஊதியதும் எல்லோரும் பிரார்த்தனைக்கு வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். பிரார்த்தனை முடிந்து இரண்டாவது சங்கு ஊதிய உடனே, சர்ச் பாட்டுக் கோஷ்டி விளக்கு ஏற்றிக்கொண்டு புலுசிலா வீட்டுக்கு நேரெதிரே பயிற்சிக்கு உட்கார்ந்திருக்கிறது. அத்தனை கண்ணுக்கு முன்னால் ஒருவன் கலவை வாளியோடு போயிருக்க முடியாது. பாட்டு முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. விடிகிறவரை விடவில்லை. ஓலை போட்டு மூடியிருந்ததால்தான் பூச்சு தப்பியிருக்கிறது.

அப்படியானால் மிச்சம் இருப்பது பிரார்த்தனை நேரம் மட்டும். அதுதான் உதைத்தது. முதல் சங்குக்கும் இரண்டாவது சங்குக்கும் நடுவில் எங்கள் ஊர்களில் ஒருவன் நடமாட முடியாது. ரோட்டின் இரண்டு முனையிலும் வாலிபர்கள் தடியோடு நிற்பார்கள். மீறினால் அபராதம். முன்பெல்லாம் ஒரு பெட்டி டப்பா மீன். அலபாத்தி பட்டத்துக்கு வந்ததும் அதைச் சினைப்பன்றியாக ஏற்றிவிட்டான் என்று மெலே பொருமினாள்.

"பிரார்த்தனையையே பன்றி பயத்துலதான் செய்யறோம். அதுலயும் அந்த வியாழக்கிழமை இருக்கே, அடுப்புல வெச்ச சீமைப்பலா கரியாப் போச்சு. எந்திரிச்சுப் போய்ப் புரட்ட முடியுமா? இரண்டாவது சங்கு ஊதவே இல்லை. போதகர் வீட்டுல தெரிஞ்ச பாட்டெல்லாம் தீந்து போய் கிறிஸ்துமஸ் பாட்டு பாடினாங்க."

லாங்கி வயிறு குலுங்கச் சிரித்தாள். நான் மூட்டையிலிருந்து எழுந்தேன்.

ஊர் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிற நேரத்தில், வெளியே நிற்க உரிமையுள்ள ஆள் ஒருவர்தான். எப்போது கண்ணைத் திறக்கலாம் என்று ஊருக்குச் சொல்கிறவர். அவருக்கு இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டுமென்றால் அவர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஊதாமல் இருந்தால் போதும்.

"பெருசு," என்றாள் லாங்கி. சிரிப்பு நின்றுவிட்டது. "காலைல அந்தக் கிழவர் கையில எண்ணெய் போட்டுக்கிட்டு இருந்தாரே. அது சிமெண்ட் அரிச்ச கை."

கலேபோ கடற்கரையில் கறுப்புப் பாறை மேல் உட்கார்ந்திருந்தார். சங்கு மடியில். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். லாங்கி தள்ளி நின்றாள். நான் எதையும் கேட்கவில்லை. கேட்டால் பொய் வரும், சும்மா உட்கார்ந்தால் சில சமயம் மெய் வரும். பொதுவாகச் சொன்னேன், திங்கட்கிழமை புலுசிலாவைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள், கல்லறைக்காக ஜெயில் என்று.

அவருக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருக்கிறார், மகன் மனு கொடுத்தது தெரியாது. அந்த வீட்டில் அவரிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை.

சங்கைப் பாறைமேல் இறக்கி வைத்தார். பிறகு சொன்னார். அவருக்கு இன்னொரு மகன் இருந்தான், ஃபெரெத்தி. காலம் தப்பிப் பிறந்தவன். பெற்றதும் தாய் போய்விட்டாள். அப்போது புலுசிலாவின் சிமி கைக்குழந்தை. இரண்டு பேருக்கும் அவளே பால் கொடுத்தாள். இரண்டும் ஒரே பாயில் வளர்ந்தன. வளர்ந்ததும் ஃபெரெத்தி அண்ணனோடு ஆக்லாந்து போனான். சில வருஷமாகப் பேச்சு இல்லை. ஆஸ்திரேலியாவில் சுரங்கத்தில் இருக்கிறான், அங்கே போன் எடுக்காது என்று அலபாத்தி சொல்லிவந்தான். படகு வருகிற நாளெல்லாம் கிழவர் துறைமுகம் போய் நின்றிருக்கிறார்.

"போன வாரம் படகுல ஒரு பொண்ணு வந்துச்சு. அவனோட இருந்த பொண்ணாம். ஒரு டப்பாவைக் கையில கொடுத்துச்சு. எரிச்சிட்டாங்களாம். எரிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது அண்ணன்காரனாம்."

எங்கள் ஜனங்கள் செத்தவர்களை எரிப்பதில்லை. முற்றத்தில், நடமாட்டத்துக்கு நடுவில், கூடவே வைத்துக்கொள்வோம்.

"சிமி பக்கத்துல வெச்சேன். வேற எங்க வெச்சாலும் அவனுக்குத் தூக்கம் வராது. தனியாப் படுத்துப் பழக்கமில்லாத பையன்," என்றார். "பிரார்த்தனை சொல்ல வேற யாரு இருக்கா? நானே சொன்னேன். அதுல நேரம் போயிருச்சு."

"புலுசிலாவுக்குத் தெரியுமா?"

"சுவர் இல்லாத வீடு. எதிர்ல உக்காந்து கண்ணைத் தொறந்து பாத்துக்கிட்டேதான் இருந்தா. நான் ஒண்ணும் சொல்லலை. அவளும் கேக்கலை."

சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. ஊதுகிற நேரம் ஆகிறது என்று எழுந்தார். ஒரு காலம் நானும் கோர்ட்டு ஆள் என்பதால் ஒன்று கேட்டார். "உத்தரவை மீறினது நான்னு சொன்னா, அவளை விட்டுருவாங்களா?"

விட்டுவிடுவார்கள், உங்களைப் பிடித்துக்கொள்வார்கள் என்றேன். நான் ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை.

நேராக அலபாத்தி வீட்டுக்குப் போனோம். புது வீட்டு வராந்தாவில் பாய் விரித்து, குடும்பமே பிரார்த்தனைக்கு உட்காரத் தயாராக இருந்தது. கூடக் கட்டின ஆள் கிடைத்தானா என்று கேட்டான். கிடைத்துவிட்டான், பிரார்த்தனை முடியட்டும் என்றேன். அவன் முகம் மலர்ந்தது. எனக்கு வாழைப்பழம் எடுத்து வைக்கச் சொன்னான்.

முதல் சங்கு ஊதியது. ரோட்டில் ஆள் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் பாட்டு எழுந்தது. நான் கண்ணை மூடவில்லை, என் வழக்கம் அது. அதனால் நான்தான் முதலில் பார்த்தேன்.

கலேபோ ரோட்டின் நடுவே நடந்து வந்தார். தலைமேல் ஒரு பாய். மயிரிழையாகப் பின்னிய, சிவப்பு இறகு வைத்த குடும்பப் பாய். செத்துப்போன மனைவி கல்யாணத்துக்குக் கொண்டுவந்ததாக இருக்க வேண்டும். அது அவர் முகத்தை மூடி இடுப்புவரை தொங்கியது. கையில் சங்கு. முனையில் நின்ற வாலிபர்கள் தடியைக் கீழே இறக்கினார்கள். புலுசிலா வீட்டு வாசலில் போய் மண்ணில் உட்கார்ந்து தலை குனிந்தார்.

அது என்ன என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குற்றம் செய்தவன் பாயைப் போர்த்திக்கொண்டு வந்து வாசலில் உட்காருவான். வீட்டுக்காரர் வந்து பாயை எடுத்தால் மன்னிப்பு. எடுக்காவிட்டால் அவன் அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

ஒவ்வொரு வீடாகப் பாட்டு தேய்ந்து நின்றது. அலபாத்தி கண்ணைத் திறந்தான்.

"அப்பா..." என்று எழப் போனான்.

நான் அவன் தொடையில் கை வைத்து அழுத்தினேன். "உக்காரு. பிரார்த்தனை முடியலை. பட்டக்காரனே எந்திரிச்சா பன்றியை யார்கிட்ட வாங்குவே?"

"அவர் எதுக்குய்யா அங்க உக்காந்திருக்கார்?"

"கூடக் கட்டின ஆளைக் கேட்டியே. கூட ஆளே இல்லை, அவர் ஒருத்தர்தான். மணல் உன்னுது. உள்ள இருக்கிறது உன் தம்பி. ஒரு டப்பாவுல படகுல வந்தான்."

அவன் என்னைப் பார்க்கவில்லை. வேர்வை மட்டும் நெற்றியில் பொடித்து இறங்கியது.

"கோர்ட்டை அவமதிச்சவர் மேலதானே மனு? பேரை மாத்திக் கொடுத்துரு. நான் வேணும்னா ஆணி அடிச்சுட்டு வர்றேன்."

அப்போதுதான் சிக்கல் எனக்கு உறைத்தது. புலுசிலா எழுந்து வந்து பாயை எடுக்காமல் கிழவர் அசையமாட்டார். இரண்டாவது சங்கு ஊதாமல் புலுசிலா எழக்கூடாது. சங்கு கிழவரின் மடியில், பாய்க்குக் கீழே. இருட்டு கூடிக்கொண்டே வந்தது.

புலுசிலா எழுந்தாள்.

ஊரின் கண் முன்னால், பிரார்த்தனை நடுவே, படி இறங்கி முற்றத்தைக் கடந்து வந்தாள். இரண்டு கையாலும் பாயைத் தூக்கினாள். மடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அந்த நிசப்தத்தில் அவள் சொன்னது இங்கேவரை கேட்டது.

"ஊதுங்க சித்தப்பா. ஊரே பசியோட உக்காந்திருக்கு."

அவர் ஊதினார். முதல் தடவை காற்று மட்டும்தான் வந்தது. இரண்டாம் தடவை சத்தம் வந்தது.

தடி வைத்திருந்த வாலிபன் ஒருவன் தயங்கித் தயங்கி வராந்தாப் பக்கம் வந்தான். சங்குக்கு முன்னால் எழுந்ததற்குப் புலுசிலா வீட்டில் பன்றி வாங்க வேண்டுமா என்று கேட்டான்.

அலபாத்தி நெற்றி வேர்வையைத் துடைத்தான்.

"நான் கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன். யார் எந்திரிச்சதையும் பாக்கலை."

"அந்தச் சின்னக் கல்லறையை?" என்றேன்.

"அதையும் பாக்கலை."

நல்லது, திங்கட்கிழமை கோர்ட்டிலும் அதையே சொல் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வாழைப்பழத்தை லாங்கி எடுத்துக்கொண்டாள்.

ராத்திரி மனம் இளகினவன் விடிந்ததும் இறுகிப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் திங்கட்கிழமை நானே கோர்ட்டு வாசலில் போய் நின்றேன். அந்த மனுவைக் கூப்பிட்டார்கள். அலபாத்தி எழுந்து, திரும்பப் பெறுகிறேன் என்று மட்டும் சொன்னான். காரணம் கேட்டதற்கு, குடும்ப விஷயம் என்றான். புலுசிலா அவன் பக்கம் திரும்பவில்லை. நில வழக்கு அப்படியே இருக்கிறது. அது இன்னும் பல வருஷம் இருக்கும்.

திரும்புகிற வழியில் அந்த ஊர் எல்லையில் வாலிபர்கள் தடியைக் குறுக்கே நீட்டினார்கள். முதல் சங்கு ஊதிவிட்டதாம். லாங்கி வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தாள். பாட்டுகள் எழுந்தன, முடிந்தன. பிறகும் ஒன்றும் நடக்கவில்லை. எங்கோ ஓர் அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை.

"இன்னும் ஊதலையே பெருசு," என்றாள் லாங்கி.

"ஊதுவார்," என்றேன். "இரு."